பீரும் இடுப்பளவும்: விடுமுறைக்கு முன் மெலிய நினைக்கும் சிங்கப்பூர்

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருபவை, கொழுப்பு 9. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் மது சோற்றைவிட எண்ணெய்க்குத்தான் நெருக்கம். இதை அளந்து நிறுவியவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்பர் அட்வாட்டர். 1890களின் கடைசியில் அவர் ஆட்களை ஒரு மூடிய அறைக்குள் நாள்கணக்கில் தங்கவைத்து, அவர்கள் உண்டதையும் உடல் வெளியிட்ட வெப்பத்தையும் விட்ட மூச்சையும் அளந்தார். மதுவும் உணவைப் போலவே உடலில் எரிந்து ஆற்றல் தருகிறது என்று முடிவு வந்தது. மதுவிலக்குப் பிரசாரகர்கள் கொதித்தார்கள். மது வியாபாரிகள் அந்த முடிவையே விளம்பரமாக்கினார்கள். அந்த ஆற்றலை உடல் எந்தக் கணக்கில் எழுதிக்கொள்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி ஆண்டுக்கு இருமுறை சூடு பிடிக்கிறது. ஒன்று, பள்ளி விடுமுறை வரும் ஜூன் மாதம். மற்றொன்று, நவம்பர், டிசம்பர். பூக்கெட், பாலி, பிந்தான், லங்காவி என்று கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒருபக்கம். ஊரில் கல்யாணம், பொங்கல் என்று திருச்சிக்கும் சென்னைக்கும் டிக்கெட் எடுப்பவர்கள் இன்னொரு பக்கம். தேசிய சேவையை முடித்த ஆண்களுக்கு இதோடு ஐபிபிடி உடலுறுதித் தேர்வும் சேர்ந்துகொள்ளும். 2.4 கிலோமீட்டர் ஓட்டமும் தண்டாலும் அதில் உண்டு. தங்கத் தரம் பெற்றால் 500 வெள்ளி ஊக்கத்தொகை. பயணத்துக்கு ஆறு வாரம், எட்டு வாரம் இருக்கும்போது இரவுச் சோறு சப்பாத்தியாகிறது, தே தாரிக்கில் சீனி குறைகிறது, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழே உள்ள உடற்பயிற்சி மூலையில் கூட்டம் சேர்கிறது. வெள்ளிக்கிழமை பீர் மட்டும் பெரும்பாலும் கைவைக்கப்படாமல் தப்பிவிடுகிறது. சனிக்கிழமை இரண்டு சுற்றுக் கூடுதலாக ஓடிச் சமாளித்துவிடலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். அந்தச் சமாதானம் கணக்கிலும் உடலியலிலும் நிற்பதில்லை.

ஒரு கிளாஸில் எவ்வளவு

சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அறிவுரை: ஆண்கள் ஒரு நாளைக்கு இரண்டு நிலையளவுகளையும் பெண்கள் ஒன்றையும் தாண்டக்கூடாது. ஒரு நிலையளவு என்பது 10 கிராம் ஆல்கஹால். 5 சதவீத பீரில் அது ஏறக்குறைய 250 மில்லிலிட்டர், ஒயினில் 100, விஸ்கி, பிராந்தி, ஜின் வகையில் 30. ஆக, 330 மில்லிலிட்டர் டின் ஒன்றே ஒரு நிலையளவைத் தாண்டிவிடும். அதன் கலோரி 140 சொச்சம். காப்பிக் கடை மேசைக்கு வரும் 633 மில்லிலிட்டர் பெரிய பாட்டிலில் 25 கிராம் ஆல்கஹாலும் 260, 270 கலோரியும் இருக்கும். இரண்டு பெரிய பாட்டில் குடித்தவர் 500 கலோரியைத் தாண்டியிருப்பார். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் செலவாவது 270 கலோரி அளவு. இரண்டு சுற்று ஓட்டம் என்ற சமாதானம் இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

பீரின் பெயரைவிட அதன் சதவீதமே முக்கியம். லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்துக் கடைகளில் கிடைக்கும் ஸ்ட்ராங் வகைகளில் ஒன்றான பேரன்ஸ் 8.8 சதவீதம். அரை லிட்டர் டின்னில் 35 கிராம் ஆல்கஹால், அதாவது மூன்றரை நிலையளவு. ஆல்கஹாலின் கலோரி மட்டுமே 240. ஒரு டின்தான் குடித்தேன் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. டின் கணக்கு அவரை ஏமாற்றுகிறது. தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் போகிறவருக்கு இதே ஏமாற்றம் குவார்ட்டர் வடிவில் வரும். 42.8 சதவீதம் கொண்ட 180 மில்லிலிட்டரில் 60 கிராம் ஆல்கஹால், 425 கலோரி. அறிவுரையின்படி ஓர் ஆணுக்கு அது மூன்று நாள் உச்ச அளவு.

கலப்பவை தனிக் கணக்கு. விஸ்கியில் சோடா ஊற்றினால் எதுவும் கூடாது. கோலா 150 மில்லிலிட்டர் ஊற்றினால் 60 கலோரிக்கு மேல் கூடும். டானிக் தண்ணீர் கசப்பாக இருப்பதால் அதில் சர்க்கரை இல்லையென்று பலர் நினைக்கிறார்கள், அதிலும் உண்டு. ராஃபிள்ஸ் ஹோட்டலின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சிங்கப்பூர் ஸ்லிங்கில் ஜின்னோடு செர்ரி பிராந்தி, பெனடிக்டின், குவாந்த்ரோ, மாதுளைப் பாகு, அன்னாசிச் சாறு எல்லாம் சேரும். ஒரு கிளாஸ் 200 கலோரிக்குக் குறையாது. இனிப்பு மறைத்துவிடுவதால் அது மது என்ற நினைப்பும் குறைந்துவிடும். கலோரிக்கு அஞ்சி டயட் கோலா கலப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. சர்க்கரை இல்லாத திரவம் இரைப்பையைவிட்டு வேகமாக இறங்குவதால், அதே அளவு மது ரத்தத்தில் கூடுதல் உச்சத்தைத் தொடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கலோரி குறையும், போதை கூடும். போதை கூடியபின் சாப்பாட்டில் கட்டுப்பாடு எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே.

2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் பாட்டில் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் என்ற தர எழுத்து முறை நடப்புக்கு வந்தது. ஒரு மைலோவில் எவ்வளவு சர்க்கரை என்று இன்று யாரும் பார்த்துவிடலாம். அந்த எழுத்து மதுவகைகளுக்கு இல்லை. சர்க்கரையைத் தேடித்தேடிக் குறைத்த வாடிக்கையாளர் பீர் வரிசைக்கு வந்ததும் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்க வேண்டியிருப்பது விந்தைதான்.

கல்லீரலில் யாருக்கு முதலிடம்

மதுவைச் சேமித்து வைக்க உடலில் இடமில்லை. சர்க்கரைக்குத் தசையும் கல்லீரலும், கொழுப்புக்குக் கொழுப்புத் திசுவும் கிடங்காக இருக்கின்றன. மது ஒருவகை நஞ்சு. வந்தவுடன் அப்புறப்படுத்தியாக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு மற்ற வண்டிகள் ஒதுங்குவதுபோல, அது எரிந்து முடியும்வரை மற்ற எரிபொருள்கள் ஒதுங்கி நிற்கின்றன. கல்லீரலில் ஒரு நொதி மதுவை அசிட்டால்டிஹைடாக மாற்றும். இன்னொரு நொதி அதை அசிட்டேட்டாக்கும். அந்த அசிட்டேட் ரத்தத்தில் பரவி, தசைகளுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் உடனடி எரிபொருளாகிறது. அது தீரும்வரை கொழுப்பைத் தொட உடலுக்கு அவசியமில்லை.

இதை அளந்த ஆய்வுகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. சுவிட்சர்லாந்தின் லோசானில் சுட்டர், ஷுட்ஸ், ஜெக்கியே ஆகியோர் எட்டு இளைஞர்களை வைத்து நடத்திய ஆய்வு 1992-இல் வெளியானது. உணவின் ஆற்றலில் கால்பங்கு அளவு மதுவாகக் கொடுத்தபோது, ஒரு நாள் முழுவதற்கும் எரியும் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தது. 1999-இல் கலிபோர்னியாவில் ஸைலர், ஹெல்லர்ஸ்டைன் குழுவினர் 24 கிராம் ஆல்கஹால், அதாவது இரண்டரை நிலையளவு, கொடுத்துப் பார்த்தார்கள். அதில் 5 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் கொழுப்பாக மாறியது. ஆனால் அடுத்த சில மணி நேரத்துக்கு உடல் கொழுப்பை எரிக்கும் வேகம் 73 சதவீதம் விழுந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். பீர் நேராகத் தொப்பையாவதில்லை. பீரோடு சாப்பிட்ட மட்டன் வறுவலின் எண்ணெய் தொப்பையாகிறது. பீர் அதை எரியவிடாமல் நிறுத்தி வைக்கிறது. சராசரி உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் அகற்றும். இரவு பத்து மணிக்குள் இரண்டு பெரிய பாட்டில் முடித்தவரின் உடல் விடியற்காலைவரை அந்த வேலையில் இருக்கும். மெலிய நினைப்பவருக்கு இரவுப் பட்டினி நேரம்தான் கொழுப்பு கரையும் பொன்னான நேரம். அது அப்படியே போய்விடுகிறது.

அலுவலக மேசையில் உடன் குடிக்கும் சீன நண்பரின் முகம் அரை டின்னிலேயே சிவந்துவிடுவதற்கும் மேலே சொன்ன இரண்டாவது நொதிதான் காரணம். கிழக்காசியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த நொதி மரபணு மாற்றத்தால் மந்தமாக இயங்கும். தமிழர்களிடம் அந்த மாற்றம் அரிது. சிவப்பை மறைக்க அமிலக் குறைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நிறம்தான் மறையும், அசிட்டால்டிஹைடு அப்படியே இருக்கும். முகம் சிவப்பவர்கள் குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். முகம் சிவக்காததால் தமக்கு ஆபத்தில்லை என்று மற்றவர்கள் நினைக்கவும் இடமில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது.

பாட்டிலைச் சுற்றி வருவது

குடிக்கும்போது பசிப்பது மனபலவீனம் இல்லை. லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் எலிகளுக்கு மூன்று நாள் மது கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. பசியால் வாடும்போது மட்டும் தூண்டப்பட வேண்டிய மூளை நரம்பணுக்கள் மதுவாலேயே தூண்டப்பட்டன. வயிறு நிறைந்திருந்தும் எலிகள் கூடுதலாகத் தின்றன. அவற்றுக்கு நண்பர் வட்டமும் கிடையாது, பில்லைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் கிடையாது. மனிதர்களுக்கு அவையும் உண்டு.

லிட்டில் இந்தியாவில் மதுவோடு மேசைக்கு வருபவை எளிதில் நிற்காதவை. பழைய திரையரங்க வாசல்களில் காகிதச் சுருளில் விற்ற கச்சாங் பூத்தே இன்று பாக்கெட்டில் வருகிறது. 30 கிராம் வறுத்த வேர்க்கடலையில் 170 கலோரி உண்டு. 30 கிராம் என்பது ஒரு கைப்பிடிதான். ஓமப்பொடி, மிக்சர், முறுக்கு எல்லாம் நூறு கிராமுக்கு 500-ஐத் தாண்டும். சிக்கன் 65, மட்டன் சுக்கா, பொரித்த மீன் என்று அடுத்த சுற்று வரும். உப்பு தாகத்தைக் கூட்டும். தாகம் அடுத்த பாட்டிலைக் கேட்கும். எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் புரோட்டாக் கடை நிற்கிறது. சிங்கப்பூரின் சப்பர் பழக்கம் இந்தத் தீவின் பெருமைகளில் ஒன்று. உடல் மெலிய நினைப்பவருக்கு மதுவைவிடவும் அதுவே பெரிய செலவு. முட்டை புரோட்டா, முர்தபாக், மீ கோரெங் எதுவானாலும் கொழுப்பு எரிப்பு நின்றுபோன உடலுக்குள்தான் அது போகிறது.

இதற்குப் பயந்து சிலர் எதிர்த்திசையில் போகிறார்கள்: மாலைக்குக் கலோரியைச் சேமிப்பதற்காகப் பகல் முழுவதும் பட்டினி. இளம்பெண்களிடமும் கல்லூரி மாணவர்களிடமும் இந்தப் பழக்கம் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வெறும் வயிற்றில் மது வேகமாக ஏறும். கல்லீரல் மதுவில் மும்முரமாக இருப்பதால் புதிதாகச் சர்க்கரை உற்பத்தி செய்யும் அதன் வேலை தடைப்படும். ரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். போதையென்று நினைத்து அருகிலிருப்பவர்கள் தூங்கவிட்டுவிடுவார்கள். இருக்கும் வழிகளில் இதுவே மிக மோசமானது.

மறுநாள் காலை

மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், நிலைக்கவிடாது. இரவின் முற்பகுதியில் கனவுத் தூக்கத்தை அடக்கி, பிற்பகுதியில் அடிக்கடி விழிக்கவைக்கும். குறைந்த தூக்கத்துக்கும் இடுப்பளவுக்கும் உறவு இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளியானது. போதும் என்று சொல்லும் லெப்டின் சுரப்பு 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. சனிக்கிழமை காலை தேக்கா சந்தைக்குப் போனவர் இட்லியைத் தாண்டிப் பூரியிடம் நிற்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு இன்னொரு நஷ்டம். பயிற்சியில் சிறிது கிழிந்த தசை நார்கள் அடுத்த மணி நேரங்களில் புரதத்தைக்கொண்டு தம்மைச் சரிசெய்துகொள்ளும். மெல்பர்னில் நடந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், பயிற்சிக்குப் பின் புரதத்தோடு மதுவும் குடித்தவர்களிடம் இந்தத் தசைப்புரத உருவாக்கம் 24 சதவீதம் குறைந்தது. புரதத்துக்குப் பதிலாக மாவுச்சத்தும் மதுவும் எடுத்தவர்களிடம் 37 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் கொடுத்தது கிலோவுக்கு ஒன்றரை கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆளுக்குப் பத்து நிலையளவு. ஒரு கிளாஸ் ஒயினுக்கு இதே விளைவு வருமென்று அதைவைத்துச் சொல்ல முடியாது. ஜிம் முடிந்து கிளார்க் கீயில் இரவு முழுவதும் உட்காருபவருக்கு அந்த எண் பொருந்தும்.

பிறகு வெயில். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்ற சுரப்பை மது அடக்குவதால், வழக்கத்தைவிட அதிக நீர் வெளியேறுகிறது. நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி மேலே, வியர்வை உலர இடம்கொடுக்காத ஈரப்பதத்தில், மறுநாள் காலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ மெக்ரிச்சியிலோ ‘பாவத்தைக் கழுவ’ ஓடுபவர் வெப்பத் தாக்குதலுக்குத் தம்மைத் தாமே ஒப்புக்கொடுக்கிறார். ஏறிய கலோரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏறியதுதான். அன்று ஓய்வெடுப்பதே அறிவு.

மெலிந்த கை, பருத்த வயிறு

லான்செட் இதழில் 2004-இல் ஒரு புகைப்படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. பார்வைக்கு ஒல்லியான தெற்காசிய உடல், அதே எடையுள்ள ஐரோப்பிய உடலைவிட அதிகக் கொழுப்பைச் சுமக்கிறது என்பதைக் காட்ட அவர்கள் தங்களையே சாட்சியாக்கினார்கள். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேருவது. அதனால்தான் சிங்கப்பூரில் ஆபத்து எல்லை 25-க்குப் பதிலாக 23-இல் தொடங்குகிறது, 27.5-ஐத் தொட்டால் உயர் ஆபத்து. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80-உம் எல்லை. 2010-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. அனைத்து இனத்தவரின் சராசரி 11.3.

விடுமுறைக்கு முன் தராசில் மூன்று கிலோ குறைவதைவிட, சட்டைக்குள் மறையும் இந்த உள்கொழுப்பு குறைவது தமிழர்களுக்கு முக்கியம். மிகுந்த குடி அதை வளர்ப்பதோடு கல்லீரலிலும் கொழுப்பைச் சேர்க்கும். அளவாகக் குடிப்பவர்களுக்கு எடை கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பீர் ஆறாக ஓடும் செக் நாட்டிலேயே, 2003-இல் வெளியான ஆய்வொன்று பீருக்கும் உடல் பருமனுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. தினம் ஒரு சிறு கிளாஸோடு நிறுத்துபவரும் வாரம் ஒருநாள் எட்டு கிளாஸ் குடிப்பவரும் மாதக் கணக்கில் ஏறத்தாழ ஒரே அளவு குடித்தாலும், இடுப்பு இருவருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே இரவில் கொட்டிக்கொள்வதுதான் பிரச்சினை. சிங்கப்பூரில் வாரம் முழுவதும் வேலையும் வாரக் கடைசியில் குடியும் என்ற ஏற்பாடு அந்தப் பிரச்சினைக்கு ஏற்ற நிலம்.

பத்தரை மணிச் சட்டம்

2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமான ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதையடுத்துக் கலவரம் வெடித்தது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, கலவரத்தைப் பெரிதாக்கியவற்றில் மதுவும் ஒன்று என்றது. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடங்களில் குடிப்பதையும் கடைகளில் மது வாங்கிச் செல்வதையும் தடை செய்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் சிறப்புக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. அங்கே சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது.

அமைதிக்காக வந்த சட்டம் அது. உடல்நலத்துக்காக வந்தது இல்லை. உடலுக்கு அதனால் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. திறந்தவெளியில் நள்ளிரவுவரை நீளும் குடி குறைந்தது நல்லது. கடை அடைக்கும் நேரத்துக்கு முன் அவசரமாக வாங்கி, அதைவிட அவசரமாகக் குடிப்பது அவ்வளவு நல்லதில்லை. வரியும் இதே போலத்தான். விஸ்கி வகைக்கு ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி தீர்வை. 40 சதவீதம் கொண்ட 700 மில்லிலிட்டர் பாட்டிலில் அது 24.64 வெள்ளி, அதன்மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி. விலை ஏறினால் குடி குறையும் என்பது உலகெங்கும் கண்டது. கையில் காசு குறைந்தவர் அதே காசுக்கு அதிகப் போதை தரும் 8.8 சதவீத டின்னுக்குத் தாவுகிறார் என்பதும் தேக்காவில் காணக்கூடியதே.

தைப்பூச விரதமும் ஒரு மாத நிறுத்தமும்

பிரிட்டனில் ஜனவரி மாதம் முழுவதும் மதுவை விடும் இயக்கம் 2013-இல் தொடங்கியது. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அதற்கு இணையானது அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நாட்காட்டியில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் மாமிசத்தையும் மதுவையும் வாரக்கணக்கில் விடுகிறார்கள். சிலர் 48 நாள் இருப்பார்கள். அதன் முடிவில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு காவடி சுமந்து நடப்பார்கள். தீமிதிக்கும் சபரிமலைக்கும் இதேபோன்ற விரதங்கள் உண்டு.

விரதத்தில் மது மட்டும் போவதில்லை. மதுவோடு வரும் வறுவலும் சப்பரும் கண்விழிப்பும் சேர்ந்தே போகின்றன. உடலளவில் அதன் பலன் அங்கேதான் இருக்கிறது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. மிதமாகவும் அதற்கு மேலும் குடித்துவந்த 94 பேர் ஒரு மாதம் நிறுத்தினார்கள். எடை 1.5 சதவீதம்தான் குறைந்தது. 80 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ. ஆனால் இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய 25 சதவீதமும் ரத்த அழுத்தம் 6 சதவீதத்துக்கு மேலும் இறங்கின. தராசு கொஞ்சமாகப் பேசியபோது ரத்தப் பரிசோதனை நிறையப் பேசியது.

விரதம் முடிந்த இரவில் கோழியும் பாட்டிலுமாகச் சேர்த்துவைத்துத் தீர்ப்பவர்களும் இருக்கிறார்கள். விரத நாட்களிலும் வடை, அப்பளம், பாயாசம் என்று மூன்று வேளை எண்ணெயும் சர்க்கரையுமாகச் சாப்பிட்டால் எடை குறைய வழியில்லை. கடவுளுக்காக 48 நாள் மதுவைத் தொடாமல் இருக்க முடிந்தவருக்கு, பாலிக்காக ஆறு வாரம் இருக்க முடியாதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. முழுதாக விட மனமில்லாதவருக்கு, மது வகையை மாற்றுவதைவிட மது அருந்தும் இரவுகளைக் குறைப்பதே பலன் தரும்: வாரத்துக்கு ஓர் இரவு, இரண்டு நிலையளவு, முன்னதாக முழுச் சாப்பாடு, நடுவே தண்ணீர், சப்பர் கிடையாது.

விமானம் ஏறிய பிறகு

உடலைத் தயார்செய்த உழைப்பு பெரும்பாலும் விடுமுறையிலேயே கரைகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜேமி கூப்பர் 122 பேரை விடுமுறைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, முடிவை 2016-இல் வெளியிட்டார். 61 சதவீதத்தினருக்கு எடை ஏறியிருந்தது; சராசரி ஏற்றம் 0.32 கிலோ. ஆறு வாரம் கழித்தும் அது இறங்கவில்லை. அவர்கள் விடுமுறையில் நடந்ததும் அசைந்ததும் வழக்கத்தைவிடச் சற்று அதிகமே. மது மட்டும் வாரத்துக்கு 8 கிளாஸிலிருந்து 16 ஆகியிருந்தது. கிலோவில் மூன்றில் ஒரு பங்கு சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆண்டுக்கு இரண்டு விடுமுறை, பத்தாண்டு என்று பெருக்கினால் அது ஆறு கிலோவுக்கு மேல்.

விமானத்திலேயே தொடங்குபவர்களுக்கு 2024-இல் ஓர் எச்சரிக்கை வந்தது. ஜெர்மனியில் விமானப் பயணிகள் அறையின் காற்றழுத்தத்தைச் செயற்கையாக உருவாக்கி, மது குடித்தவர்களைத் தூங்கவைத்தபோது, ஆரோக்கியமான இளைஞர்களின் ரத்த ஆக்சிஜன் அளவே 85 சதவீதத்துக்கு இறங்கியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 88-க்கு ஏறியது. இதயநோயோ நுரையீரல் நோயோ உள்ளவர் இரவு விமானத்தில் குடித்துவிட்டுத் தூங்குவதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. திரும்பும்போது சாங்கியில் தீர்வையில்லா மது வாங்கக் காத்திருப்பவர்களுக்கு: 2019 ஏப்ரல் முதல் அந்தச் சலுகை மூன்று லிட்டரிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. வெளிநாட்டில் 48 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு அது கிடையாது.

நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் தனி எச்சரிக்கைக்கு உரியவர்கள். இன்சுலின், கிளிபிசைட் போன்றவற்றோடு மது சேர்ந்தால் சர்க்கரை அபாயமாகச் சரியலாம். மெட்ஃபார்மின் எடுப்பவர் மிகுதியாகக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. பயணத்துக்கு முன் உணவைக் குறைத்து, பயிற்சியைக் கூட்டி, மதுவையும் தொடர்பவர் மருந்தின் அளவு பற்றி மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். பல ஆண்டுகளாகத் தினமும் மிகுதியாகக் குடிப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வியர்வை, குழப்பம், வலிப்பு என்று அது உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம். மனநலக் கழகத்தில் இயங்கும் தேசியப் போதைப் பழக்க நிர்வாகச் சேவைப் பிரிவிலும் உதவி கிடைக்கும்.